கிரானில் எழுதியிருக்கும் காருக்குத்தான் இன்சூரன்ஸ்

மோடிஃபை பண்ணிய காருக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது என்று மலேசியாவில் நம் பையன்கள் பலர் உறுதியாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். செந்தூலில் எந்த மாமாக் கடையில் உட்கார்ந்தாலும், சான் சோ லின் பக்கம் எந்த ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றாலும் இதே பேச்சுதான். "சொன்னா எடுக்க மாட்டாங்கண்ணே, அதனால சொல்லவே கூடாது." கிடைக்காது என்று நினைப்பதைக்கூட விட்டுவிடலாம், அந்தச் "சொல்லவே கூடாது" இருக்கிறதே, அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஏனென்றால் அப்படிச் சொல்லாமல் விட்டு, வருஷா வருஷம் ஒழுங்காகப் பணமும் கட்டி, கடைசியில் ஒரு சென்கூட கிளைம் கிடைக்காமல் போன ஒரு பையனை எனக்கு நேரில் தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், கார் வைத்திருக்கும் தம்பிகளுக்கும் அனுப்புங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கம்பெனி இன்சூரன்ஸ் எடுப்பது உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு இல்லை. கிரானில், அதாவது காரின் பதிவுச் சான்றிதழில், எழுதியிருக்கும் காருக்கு. பாலிசியோடு வரும் ஷெட்யூல் பக்கத்தைப் பாருங்கள்: பதிவு எண், சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், எத்தனை சிசி, எந்த வருஷம், எவ்வளவு தொகைக்கு இன்சூரன்ஸ், எந்தெந்த எண்டார்ஸ்மெண்ட், அதாவது பாலிசியோடு சேர்த்த கூடுதல் கவரேஜ். அந்த ஒரு பக்கத்தில் இருப்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த கார். வாசலில் நிற்பதும் தாளில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் பயமில்லை. இரண்டும் வேறு வேறாக இருந்தால், விபத்து நடந்த அன்றைக்குத்தான் அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

அந்தப் பையன் விஷயத்தைச் சொல்கிறேன். எங்கள் தாமானிலேயே இருப்பவன், பெயர் வேண்டாம். மைவி காருக்கு டர்போ கிட் போட்டிருந்தான். வேலை என்னவோ சுத்தமாகத்தான் செய்திருந்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலையில் பத்துமலை பக்கம் மழையில் சறுக்கி டிவைடரில் இடித்துவிட்டான். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்ல காலம். ஆனால் முன்பக்கம் மொத்தமும் போய்விட்டது. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட், இழுவை வண்டி, பேனல் ஒர்க்‌ஷாப் என்று எல்லாம் முறைப்படிதான் செய்தான். சேதத்தைப் பார்த்து மதிப்பிடும் அட்ஜஸ்டர் வந்தார். நசுங்கிக் கிடந்த பானெட்டை ஆள் வைத்து நெம்பித் திறக்கச் சொல்லி டர்போவை, இண்டர்கூலரை, அதற்குப் போகும் பைப்பை, எஞ்சின் நம்பரை என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் கடிதம் வந்தது. வாகனத்தின் எஞ்சினில் அறிவிக்கப்படாத மாற்றம், ஆகவே சொந்தச் சேதத்துக்கான கிளைம் ஏற்கப்படவில்லை. அவன் ஆன்லைனில் புதுப்பிக்கும்போது "வாகனம் மாற்றியமைக்கப்பட்டுள்ளதா" என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது, இவன் "இல்லை" என்று தட்டியிருக்கிறான். அந்தத் தட்டலையும் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார்கள். கார் ஒர்க்‌ஷாப் மூலையில் மடங்கிக் கிடக்கிறது, பேங்க் கடன் மட்டும் நிற்கவில்லை. 9 வருஷ ஹையர் பர்ச்சேஸ், பாதிகூட முடியவில்லை. அவன் அம்மா என்னிடம் வந்து, "தம்பி, மாசா மாசம் கட்டுறோமே, இன்சூரன்ஸும் கட்டினோமே, அப்ப அந்தக் காசெல்லாம் எதுக்குப்பா?" என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

டர்போவைப் பற்றி முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு கம்பெனி மாட்டேன் என்றிருக்கும். இன்னொன்று லோடிங் போட்டு, அதாவது பிரீமியத்தைக் கூட்டி, எடுத்திருக்கலாம். இல்லையென்றால், இந்தக் காருக்கு முழு இன்சூரன்ஸ் கிடைக்காது என்பதாவது விபத்துக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும், டர்போவா பாதுகாப்பா என்று அவனே முடிவு செய்திருப்பான். அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பே அவனுக்குக் கிடைக்காமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், இதில் நமக்குச் சாதகமானதும் உண்டு. நிதிச் சேவைகள் சட்டம் 2013, அதன் 9-வது அட்டவணைப்படி, தனிப்பட்ட உபயோகத்துக்கு இன்சூரன்ஸ் எடுக்கும் நம்மைப் போன்றவர்களிடம் கம்பெனிதான் குறிப்பான கேள்விகளைக் கேட்க வேண்டும். கேட்டதற்குத் தவறான தகவல் போகாதபடி நியாயமான கவனத்தோடு பதில் சொல்வது நம் கடமை. தக்காஃபுல் எடுத்தவர்களுக்கு இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டம் 2013-இலும் இதே மாதிரி ஏற்பாடு இருக்கிறது. தவறான பதிலிலும் மூன்று வகை பிரித்திருக்கிறார்கள்: வேண்டுமென்றே அல்லது அலட்சியத்தின் உச்சமாகச் சொன்னது, கவனக்குறைவால் சொன்னது, ஒன்றும் அறியாமல் சொன்னது. கவனக்குறைவு என்றால் தொகையைக் குறைத்தாவது கொடுக்க இடமிருக்கிறது. எஞ்சினுக்குள் டர்போ இருப்பது தெரிந்தே "இல்லை" என்று தட்டியதைக் கவனக்குறைவு என்று யாரிடம் போய் வாதாடுவது? இன்னொன்று, இந்தக் கடமை முதல் தடவை எடுக்கும்போது மட்டும் இல்லை, ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் உண்டு. நடுவில் ஏதாவது மாற்றினால் தெரிவிக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனைகளிலேயே இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

"மூன்றாம் தரப்புக்கு எப்படியும் கொடுத்துத்தானே ஆகணும்" என்று சிலர் தெம்பாகச் சொல்வார்கள். சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987 மற்றவர்களின் உயிருக்கும் உடலுக்கும் ஏற்படும் பாதிப்புக்கு இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியிருக்கிறது, உண்மைதான். ஆனால் சட்டத்தின் கட்டாயத்தால் மட்டும் கம்பெனி கொடுக்க நேர்ந்த பணத்தை உங்களிடமிருந்து திரும்ப வசூலிக்கும் உரிமை பாலிசியிலேயே எழுதியிருக்கும். அடிபட்டவருக்குப் பணம் போய்ச் சேரும், அப்புறம் அந்தக் கணக்கு உங்கள் வீட்டுக்கு வரலாம். ஒரு உயிர் போன வழக்கில் அது எவ்வளவு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, என் காருக்கு வருகிறேன். பழைய புரோட்டோன் சத்ரியா, மூன்று கதவு. ஃபேக்டரியிலிருந்து 1.3 ஆக வந்தது. இப்போது உள்ளே ஓடுவது மிட்சுபிஷியின் 4ஜி93, 1834 சிசி, பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் பார்த்துப் பார்த்து வாங்கிய எஞ்சின். எஞ்சின் மாற்றுவது சட்ட விரோதம் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேவிடம் முதலில் அனுமதி வாங்கி, எஞ்சின் வாங்கிய ரசீது, இறக்குமதி ஆவணம் எல்லாம் கொடுத்து, மாற்றிய பிறகு புஸ்பாகோம் வாகனச் சோதனை மையத்தில் காட்டி, புது எஞ்சின் நம்பரைப் பதிவில் ஏற்றிவிட்டால் அது முழுக்க முழுக்கச் சட்டப்படியான கார். கடன் இருந்தால் பேங்கிடமும் கேட்க வேண்டும். ரசீது கொடுக்காத கடையில், நூறு இருநூறு வெள்ளி மிச்சம் என்று எஞ்சின் வாங்காதீர்கள். ரசீதும் இறக்குமதித் தாளும் இல்லாத எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் கிரானில் ஏறாது.

புஸ்பாகோமில் நடந்ததைச் சொன்னால் இந்த நம்பருக்கு எவ்வளவு மதிப்பு என்று புரியும். அதிகாரி டார்ச் அடித்து எஞ்சின் பிளாக்கைப் பார்க்கிறார், நம்பர் மேல் இருபது வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு. துணியால் துடைத்தோம். எல்லா இலக்கமும் தெரிந்தது, ஒன்று மட்டும் 3-ஆ 8-ஆ என்று தெளிவில்லை. ரசீதில் 8 என்று இருந்தது. "அதான் பேப்பர்ல இருக்கே" என்று எங்கள் மெக்கானிக் அங்கிள் சொல்லிப் பார்த்தார், அதிகாரி முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அப்புறம் அங்கிள் தின்னரில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷை எடுத்து, கையை மேனிஃபோல்டுக்கு அடியில் விட்டு, நிதானமாகத் தேய்த்துத் தேய்த்து அந்த ஒரு இலக்கத்தை வெளியே கொண்டுவந்தார். 8-தான். அதிகாரி அதைப் படமெடுத்த பிறகுதான் தாளில் குறித்தார். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் அட்ஜஸ்டர் படம் எடுக்கப் போவதும் அதே இலக்கத்தைத்தானே.

இப்போது காசுக் கணக்கு. "1.8 போட்டா இன்சூரன்ஸ் எகிறிடும்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2017 ஜூலை 1 முதல் முழு இன்சூரன்ஸின் விலையை ஒவ்வொரு கம்பெனியும் தானே வைத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே விலையாக இருந்த பழைய டாரிஃப் கணக்கு ஒரு அளவுகோலாக இன்னும் உதவும். தீபகற்பத்தில் 1400 சிசி வரை முதல் 1000 ரிங்கிட் மதிப்புக்கு 273.80, 1651 முதல் 2200 சிசி வரை 339.10, அதற்கு மேல் ஒவ்வொரு 1000-த்துக்கும் 26 ரிங்கிட். 20,000 ரிங்கிட் மதிப்புள்ள காருக்கு 1.3 என்றால் 767.80, 1.8 என்றால் 833.10. 55 விழுக்காடு என்சிடி, அதாவது கிளைம் செய்யாததற்கான தள்ளுபடி, இருந்தால் கடைசி வித்தியாசம் 30 ரிங்கிட்கூட வராது! மூன்றாம் தரப்பு மட்டும் எடுத்தால் டாரிஃப்படி 120.60-க்குப் பதில் 151.20. ரோட் டேக்ஸ்தான் உண்மையில் ஏறும், 70 ரிங்கிட் கட்டிக்கொண்டிருந்தவன் 297 கட்ட வேண்டும். இந்த வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கத்தான் கிரானை 1.3-இலேயே விட்டுவிட்டு ஓட்டுகிறார்கள். அதற்காகக் காரையே பணயம் வைக்கிறார்கள் என்பதை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

லோடிங் கதை வேறு. காரின் வயசு, எஞ்சின், உங்கள் வயசு, கிளைம் வரலாறு எல்லாம் பார்த்துக் கூட்டுவார்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய கார் என்றாலே முழு இன்சூரன்ஸ் தர யோசிப்பவர்கள் உண்டு. இந்த இடத்தில் இணையதளத்தில் நம்பரைத் தட்டி விலை பார்ப்பதை விட ஒரு நல்ல ஏஜெண்டுதான் உதவுவார். எனக்கு வாய்த்தவர் ஜாலான் ஈப்போவில் இருக்கும் ஒரு அக்கா. முதல் நாளே, "தம்பி, என்கிட்ட வாய்ல சொல்லாதீங்க, நான் மறந்துடுவேன், கம்பெனிக்கும் அது தெரியாது. இமெயில்ல எழுதி, படம் வச்சு அனுப்புங்க. நான் அப்படியே அண்டர்ரைட்டருக்கு அனுப்புறேன்" என்றார். காரை எடுக்கலாமா என்று கம்பெனியில் முடிவு செய்பவர்தான் அண்டர்ரைட்டர். அவர் சொன்னபடி கிரானின் நகல், புஸ்பாகோம் அறிக்கை, பானெட்டைத் திறந்து எடுத்த படம், ரிம், சீட், சஸ்பென்ஷன் எல்லாவற்றின் ரசீது என்று அனுப்பினேன். முதல் கம்பெனி வேண்டாம் என்றது. அடுத்தது சில கேள்வி கேட்டு, லோடிங் போட்டு, ஒத்துக்கொண்டது. அந்தப் பதில் இமெயில்தான் என்னிடம் இருக்கும் ஆவணங்களிலேயே மதிப்பு வாய்ந்தது. ஃபோனிலும் இருக்கிறது, பிரிண்ட் எடுத்து ஃபைலிலும் இருக்கிறது. எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை என்றால் எம்எம்ஐபி என்கிற இன்சூரன்ஸ் பூல் இருக்கிறது, வேறு எங்கும் கிடைக்காத வாகனங்களுக்காகவே கம்பெனிகள் சேர்ந்து நடத்துவது. விலை கூடும், ஆனால் இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்ட வேண்டியதில்லை.

எஞ்சின் மாற்றாமல் ரிம், பாடி கிட், ஆடியோ மட்டும் போட்டவர்களும் இதைப் படியுங்கள், உங்களுக்கு வேறு ஒரு பிரச்சினை இருக்கிறது. காரின் சந்தை மதிப்பை இன்சூரன்ஸ் தகவல் நிறுவனமான ஐஎஸ்எம் தரும் தரவை வைத்துத்தான் பெரும்பாலும் கணக்கிடுகிறார்கள், அது ஃபேக்டரியிலிருந்து வந்தபடி உள்ள காரின் விலை. நீங்கள் 6,000 ரிங்கிட்டுக்கு ரிம் போட்டது அந்தக் கணக்கில் வராது. ஒப்புக்கொண்ட மதிப்பு, அதாவது அக்ரீட் வேல்யூ என்று எடுத்தாலும், அதற்குள் ரிம் தானாக வந்து சேராது. அதற்கு எண்டார்ஸ்மெண்ட் 97 என்று ஒன்று இருக்கிறது, காரில் பொருத்திய கூடுதல் பொருள்களுக்குத் தனி இன்சூரன்ஸ். ஒவ்வொரு பொருளையும் விலையோடு எழுதி வாங்க வேண்டும். பொருள்களின் மதிப்பில் 15 விழுக்காடு வரை பிரீமியம் வரும், மலிவு இல்லைதான். 300 ரிங்கிட் ஸ்பீக்கருக்கு எடுக்க வேண்டாம், ரெகாரோ சீட்டும் ஃபோர்ஜ்டு ரிம்மும் போட்டவன் எடுக்கத்தான் வேண்டும். கண்ணாடி தனி, அது எண்டார்ஸ்மெண்ட் 89. டிண்ட் ஒட்டியிருந்தால் கண்ணாடித் தொகையில் அதன் விலையும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். டிண்டுக்கு 2019 மே 8 முதல் இருக்கும் விதி முன் கண்ணாடிக்கு 70 விழுக்காடு, முன் பக்கக் கதவுகளுக்கு 50 விழுக்காடு வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது, பின்னால் கட்டுப்பாடு இல்லை.

விதிக்கு ஒத்துவராத பொருளைக் கம்பெனியிடம் சொல்லியும் பிரயோஜனமில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபெண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயர், தெருவையே எழுப்பும் எக்ஸாஸ்ட், வெளியே வாங்கிப் போட்ட எச்ஐடி விளக்கு இதெல்லாம் ஜேபிஜே சம்மன் வாங்கித் தரும் பொருள்கள், ஒத்துக்கொள்ளச் சொல்லி அண்டர்ரைட்டரைக் கெஞ்ச முடியாது.

தொகையைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் குறையும் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. அதன் விளைவு இப்படி இருக்கும்: சந்தை மதிப்பு 20,000, நீங்கள் 15,000-க்கு எடுத்திருக்கிறீர்கள், சேதம் 4,000. கம்பெனி கொடுப்பது 3,000, மிச்சம் உங்கள் கையிலிருந்து. வித்தியாசம் 10 விழுக்காட்டுக்கு மேல் போனால் இந்த விகிதக் கணக்கு வந்துவிடும். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் பெட்டர்மெண்ட் என்று ஒரு செலவு இருக்கிறது. பழைய பாகத்தைக் கழற்றிப் புது ஒரிஜினல் பாகம் போட்டால், அதனால் காரின் நிலைமை முன்னைவிட நன்றாகிவிட்டது என்று ஒரு பங்கை உங்களையே கட்டச் சொல்வார்கள். 5 வயசுக் காருக்கு 15 விழுக்காட்டில் ஆரம்பித்து 10 வயசு ஆனால் 40 விழுக்காடு வரை போகும். இதைத் தவிர்க்கத் தனிக் கவரேஜ் தரும் கம்பெனிகள் இருக்கின்றன, உங்கள் காரின் வயசுக்குக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

வெள்ளத்தைச் சொல்லாமல் விட முடியாது. காரை இறக்கி ஓட்டுபவர்களுக்குத் தண்ணீர் சீக்கிரமே எட்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் எத்தனை கார் மூழ்கின என்று எல்லோரும் பார்த்தோம். சாதாரண முழு இன்சூரன்ஸில் வெள்ளம் இல்லை, ஸ்பெஷல் பெரில்ஸ் என்ற கூடுதல் கவரேஜைத் தனியாகச் சேர்க்க வேண்டும். டாரிஃப் கணக்கில் மதிப்பில் 0.5 விழுக்காடு, 20,000 ரிங்கிட் காருக்கு வெறும் 100 ரிங்கிட். கேஎல்லில் கார் வைத்திருக்கும் யாரும் இதை விடக்கூடாது என்பது என் கருத்து.

செப்பாங் டிராக் டேவுக்குப் போகிறவர்களுக்கு: பந்தயமும் வேகப் பரிசோதனையும் பாலிசியில் விலக்கப்பட்டவை. மோடிஃபிகேஷனுக்கு ஒப்புதல் வாங்கியிருந்தாலும் டிராக்கில் இடித்தால் உங்கள் செலவு. தம்பியோ நண்பனோ ஓட்டுவதாக இருந்தால் பெயரை டிரைவர் பட்டியலில் சேருங்கள். பட்டியலில் இல்லாதவரோ, 21 வயதுக்குக் குறைந்தவரோ, புது ஓட்டுநருக்கான பி (P) லைசென்ஸ்காரரோ ஓட்டி இடித்தால் 400 ரிங்கிட் எக்ஸஸ் வரும், அதாவது கிளைமில் அந்த 400 ரிங்கிட்டை நீங்களே கட்ட வேண்டும்.

கிளைம் மறுத்துக் கடிதம் வந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். முதலில் கம்பெனியின் புகார் பிரிவுக்கு எழுதி இறுதி முடிவை எழுத்தில் வாங்குங்கள். அதற்குப் பிறகு 6 மாதத்துக்குள், இப்படிப்பட்ட புகார்களைத் தீர்த்துவைக்கும் நிதிச் சந்தைகள் ஓம்புட்ஸ்மன் சேவைக்கு, அதாவது எஃப்எம்ஓஎஸ்ஸுக்குப் போகலாம். முன்பு ஓஎஃப்எஸ் என்று இருந்தது, 2025 ஜனவரி 1 முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது, 250,000 ரிங்கிட் வரையிலான கிளைம்களைப் பார்ப்பார்கள். என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதுதான் அங்கே முதல் கேள்வியாக இருக்கும், அப்போது அந்த இமெயில் கையில் இருக்க வேண்டும்.

புதுப்பிக்கும்போது ஒரு விஷயம். போன வருஷம் எடுத்த எண்டார்ஸ்மெண்ட் இந்த வருஷமும் தானாக வரும் என்று இருந்துவிடாதீர்கள். இந்தத் தடவை எனக்கு வந்த ஷெட்யூலில் தொகை சரி, என்சிடி சரி, எஞ்சின் நம்பர் சரி, ஆனால் 97 என்ற வரி காணோம். அக்காவுக்கு ஃபோன் போட்டேன். "சிஸ்டம்ல விட்டுப்போச்சு தம்பி, இருங்க" என்றவர், சாயங்காலத்துக்குள் ரிம்மும் சீட்டும் விலையோடு இருக்கும் புது ஷெட்யூலை அனுப்பிவிட்டார். பணம் அதற்கப்புறம்தான் கட்டினேன்.